ஒன்பதாவது வார்த்தை

எங்கள் வீட்டில் அந்த மிருகத்தின் பேரைச் சொல்லமாட்டோம். சொன்னால் நாற்பது நாளைக்கு நாக்கு சுத்தமாகாது என்பது தெருவில் எல்லோரும் நம்பியது. பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அப்படித்தான். சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘அது’ என்போம். குப்பைமேட்டில் ‘அது’ மேய்கிறது, வேலிக்குள் ‘அது’ புகுந்துவிட்டது. என் மாமியார் ஒரு படி மேலே. யாராவது ‘அது’ என்றாலே எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, அதன் இறைச்சிக்கு ஊர் உலகத்தில் என்னென்ன பேர் உண்டோ அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தவள் நான். பதினான்கு வார்த்தைகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல்தான் கடைசியில் என் கழுத்தைப் பிடித்தது.

கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நடந்தது இது. எங்கள் தெரு கழுவெளி என்கிற உப்பங்கழி ஓரம். தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆனால் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகளில் சேறு முழங்கால் உயரம் படிந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மாமியின் தம்பி எக்கியார்குப்பத்தில் கரையை ஒட்டி டீக்கடை வைத்திருந்தார். அவர் உடலை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். மாமிக்கு அவர் தம்பி மட்டுமில்லை. தாயில்லாமல் இவர் தூக்கி வளர்த்த பிள்ளை.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து மாமி சாப்பிடவில்லை. முழுப் பட்டினி என்று சொல்ல முடியாது. கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய், டீ அரை டம்ளர். பக்ரீத் வந்தது. குர்பானிக் கறியை நாலு வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் ஒதுக்கிவிட்டார். கை வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “வயசானவங்க, இப்படியே விட்டா ஒரு மாசம் தாங்காது” என்று என்னிடம் மட்டும் சொன்னார். என் கணவர் துபாயில். பிள்ளைகள் சின்னதுகள். மாமிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் வந்து இறங்கி முதல் கேள்வி என்னிடம்தான் கேட்பார். பயந்து செத்தேன்.

அந்த மாதத்தில்தான் லாரி லாரியாகச் சாமான்கள் வந்தன. போர்வை, பிஸ்கட், பழைய துணி, அப்புறம் டப்பா உணவுகள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த டப்பாக்கள். பள்ளிவாசல் வழியாக எங்கள் தெருவுக்கும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். அறுத்த முறை தெரியாவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள், ஆனால் ‘அது’ மட்டும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். பார்ப்பது யார்? தெருவில் பத்தாவதுவரை படித்த பெண் நான் ஒருத்திதான். காலையிலேயே முந்தானையில் டப்பாவை மறைத்துக்கொண்டு பெண்கள் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தாசில்தார் ஆபீஸ் கெட்டது.

“இதுல இன்னா எழுதியிருக்குதும்மா? சாப்பிடலாமா?”

“இது மீனு. எடுத்துட்டுப் போங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. பாவம் உன் தலையில.”

விளையாட்டாகச் சொன்னதுதான். அப்புறம் ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலம் என்றால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பல டப்பாக்களில் எழுத்து ஆங்கிலம் மாதிரி இருந்தது, வார்த்தை வேறாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பஜாரில் உள்ள பூத்துக்கு என் கணவர் போன் செய்வார். துபாயில் பெரிய கடையொன்றில் சாமான் அடுக்கும் வேலை. அந்தக் கடையின் பின்னால் ஒரு தனி அறை உண்டு. முஸ்லிம்கள் அங்கே வாங்கக்கூடாது என்று பலகை மாட்டியிருக்குமாம். லாரியிலிருந்து அந்த அறைக்குப் பெட்டி இறக்குவதும் இவர்கள்தான். கையுறை போட்டுக்கொண்டு இறக்கிவிட்டு வந்து மூன்று தடவை கை கழுவுவாராம். அவரிடம் கேட்டேன், அந்தப் பெட்டிகளின்மேல் என்னென்ன எழுதியிருக்கும் என்று.

“வாயால எப்படிச் சொல்றது” என்றார்.

“எழுத்து எழுத்தாச் சொல்லுங்க. எழுத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

அப்படித்தான் எழுதினேன். பி, ஓ, ஆர், கே. அடுத்தது ஹெச், ஏ, எம். மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. தெரியாததைக் கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டுவந்து சொன்னார். போர்க், ஹாம், பேக்கன், லார்ட், நாலும் ஆங்கிலம். பிரெஞ்சுக்காரனுக்குக் கடைசி எழுத்து கே இல்லை, சி. ஜெர்மன்காரன் ஷ்வைன் என்பான். ஸ்பெயினில் செர்டோ. மலாய்க்காரன் பாபி. ஒன்பதாவது டச்சு, வர்க்கன். பத்தாவது இத்தாலி. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே தன் ஊர் வார்த்தையைச் சொல்லிவிட்டு, நல்ல சமையல் குறிப்பும் ஒன்று சொன்னானாம். பூத்துக்கார அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “தங்கச்சி கம்ப்யூட்டர் கிளாஸ் போவுதா?” என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். வேறென்ன சொல்வது?

அரபி வார்த்தை எனக்குத் தெரியும். குர்ஆனிலேயே இருக்கிறது, கின்ஸீர். மாமி ஓதும்போது அந்த இடம் வரும், நிறுத்தாமல் ஓதுவார், எழுத்துக்குப் பத்து நன்மை. அரபியில் ஓதினால் நன்மை, தமிழில் சொன்னால் நாற்பது நாள் அசுத்தம். இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் எனக்குத்தான் விழும்.

நோட்டை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. மாமி படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். “ஓதுற கிதாபு இருக்கிற ஊட்டுக்குள்ள அந்தப் பேரெல்லாம் எழுதின பேப்பரு இருக்கக்கூடாது. மலக்கு வரமாட்டாங்க.” வானவர்கள் வராத வீடாகிவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, கொல்லையில் குளியலறைக் கூரை ஓலைக்குள் செருகிவைத்தேன். குளியலறையில் வைப்பதால்தான் அரபி வார்த்தையை அதில் எழுதவில்லை. குர்ஆனில் உள்ள வார்த்தை, அங்கே வைக்க முடியுமா? யாராவது டப்பா கொண்டுவந்தால் கொல்லைக்கு ஓடி, நோட்டைப் பார்த்து, கை கழுவிக்கொண்டு திரும்பி வருவேன். நாளடைவில் ஓடுவதை விட்டேன். எல்லாம் மனப்பாடம்தானே.

பக்ரீத் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். எங்கள் பங்குக்கு வந்த மூட்டையில் ஒரே மாதிரி மூன்று டப்பாக்கள். முட்டை வடிவம், காகிதம் ஒட்டாமல் தகரத்திலேயே அச்சடித்தது. சிவப்பு நிறம், தட்டில் வைத்த இறைச்சித் துண்டுகள் படம், பக்கத்தில் பச்சைத் தழை. மிருகத்தின் படம் இல்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த சாவியைத் திருகினால் மூடி தனியாகக் கழன்று வந்தது. தகரத்தின் உள்பக்கம் தங்கம் மாதிரி மினுக்கியது.

மதியம். வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு போட்டு வதக்கினேன். வாசனை வந்தது. உள்ளறையிலிருந்து மாமி குரல் கேட்டது.

“இன்னா அது, கறியா?”

இருபத்தைந்து நாளுக்கும் மேலாக அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர். “டப்பாக் கறி மாமி, கொஞ்சம் போடட்டுமா?” என்றேன். எழுந்து வந்து சமையற்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டு வைத்தேன். அப்போதுதான் டப்பாவின் பக்கவாட்டில் இருந்த நீளமான வார்த்தையைப் பார்த்தேன். வி, ஏ, ஆர் என்று தொடங்கியது. மனதுக்குள் நோட்டைப் புரட்டினேன். போர்க் இல்லை. ஹாம் இல்லை. ஷ்வைனும் இல்லை. கொல்லைக் கதவு பத்தடி. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வருவதற்குள் மாமி மனசு மாறி எழுந்து போய்விட்டால்? பதினான்கும் எனக்குத் தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு பரிமாறினேன். மாமி பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். தட்டை வழித்து நக்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஏனோ பசியில்லை, ரசம் ஊற்றி ஒரு கை சாப்பிட்டேன்.

“நல்லா இருந்துச்சுடி. இன்னும் இருக்குதா?”

“இன்னும் ரெண்டு இருக்குது மாமி.”

சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள் கூரையில் கைவிட்டேன். ஒன்பதாவது வரி. வி, ஏ, ஆர், கே, இ, என். மதியம் டப்பாவில் பார்த்ததிலும் அந்த ஆறு எழுத்தும் அப்படியே இருந்தன, அதன் பின்னால் இன்னும் ஐந்தாறு ஒட்டியிருந்தன. குளியலறைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹராமான ஒரு கவளம் உள்ளே போனால் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாமியின் தம்பிக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவது இன்னும் பத்து நாளில். இவர் இரவு பகலாகத் தஸ்பீஹ் மணி உருட்டி, தம்பியின் கப்ருக் குழி வெளிச்சமாக வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தத் துஆ எல்லாம் கூரையைத் தாண்டாமல் நின்றுவிட்டால் அது என்னால்தான். வளர்த்த அக்காவின் துஆ, கடலில் போன பிள்ளைக்குப் போய்ச் சேராமல் நான் தடுத்துவிட்டேன். சொல்லிவிடலாமா? சொன்னால் மறுபடி சாப்பாட்டை விட்டுவிடுவார். இப்போதுதான் காலையில் இரண்டு இட்லி இறங்குகிறது. சொல்லவில்லை.

மிச்சம் இரண்டு டப்பாவை, எங்கள் பாத்தியில் சேறு அள்ள வந்துகொண்டிருந்த அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பெருமுக்கல் பக்கத்து ஆள், அவர்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு, காதோடு காதாக, “இது உங்களுக்கு ஆவும், எங்களுக்கு ஆவாது” என்றேன்.

“இன்னாம்மா இது? ஆவாதுன்னா, பன்னிக்கறியா?”

அவள் குரல் உப்பளத்துக் குரல். வரப்பு விட்டு வரப்பு கேட்கப் பேசிப் பழகியவள். கொல்லை முழுக்கக் கேட்டது. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

“மெதுவாக்கா. உள்ள மாமி இருக்காங்க.”

“ஏம்மா பயப்படுற? பன்னியப் பன்னின்னு சொல்லாம இன்னான்னு சொல்றது?” என்று சிரித்துக்கொண்டே மடியில் கட்டிக்கொண்டாள். அவள் போனபின் உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கேட்டதா இல்லையா தெரியவில்லை. மறுநாள், “அந்த ரெண்டு டப்பா எங்கடி?” என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போட்டேன் என்றேன். ம்ம் என்றார். அந்த ம்ம்-மில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேனோ.

இத்தோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேன். காலி டப்பாவை நான் குப்பையில் போடுவதற்கு முன்னால் மாமி எடுத்துக் கழுவிவிட்டார். வெட்டுவாயை அம்மிக்குழவியால் தட்டி மழுக்கி, மூடியைப் பொருத்தினார். “நல்ல டப்பா” என்று சொல்லி, தஸ்பீஹ் மணியை அதற்குள் போட்டுத் தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அஞ்சு வேளையும் அதைத் திறப்பார். மணியை எடுப்பார், உருட்டுவார், முத்தமிடுவார், திரும்ப அதற்குள்ளேயே போடுவார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. ஆணி அடித்தால் ஆறு மாதம், சைக்கிள் வாங்கினால் ஒரு மழை, உப்புக்காற்று தின்றுவிடும். இந்தத் தகரமும் துருவேறி, எழுத்து உதிர்ந்து போய்விடும் என்று காத்திருந்தேன். கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. பிள்ளையின் காம்பஸ் பெட்டி துருப்பிடித்தது. அந்த டப்பா மட்டும் வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு தடவை எடுத்து ஒளித்துவைத்தேன். “என் டப்பா எங்க, என் டப்பா எங்க” என்று மாமி வீட்டையே புரட்டினார். பிள்ளைகள் மேல் பழி விழப்போவதைப் பார்த்து நானே கண்டெடுத்ததுபோல் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு நோன்பு மாதம் முழுக்க அந்தப் பாயின் பக்கம் நான் தொழவேயில்லை. இடுப்புவலி என்று சொல்லி அடுத்த அறையில் தொழுதேன்.

இரண்டாயிரத்து ஆறில் என் கணவர் லீவில் வருவதாகப் போன் வந்தது. மூன்று வருஷம் கழித்து வருகிறார். தெருவே கேட்கிறது, எப்ப வர்றாரு, எப்ப வர்றாரு என்று. எனக்கு மட்டும் சந்தோஷத்துக்கு முன்னால் டப்பா ஞாபகம் வந்தது. அந்த வார்த்தையை எனக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னவரே அவர்தான். வந்து அம்மா பக்கத்தில் உட்காருவார். டப்பாவைக் கையில் எடுப்பார். எடுத்த எடுப்பில் படித்துவிடுவார்.

வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து, டப்பாவைச் சமையற்கட்டுக்கு எடுத்துவந்து கத்தி முனையால் எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். பெயிண்ட் எளிதில் வரவில்லை. முதல் எழுத்து போனது. இரண்டாவது பாதி போனது.

“எதுக்குடி சுரண்டுற?”

பின்னால் ஈரத் தலையோடு மாமி நின்றுகொண்டிருந்தார். கத்தி கை தவறி விழுந்தது. பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது, துரு என்று சொல்லலாம். துருப்பிடிக்காத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். நோட்டு, ஒன்பதாவது வரி, பாத்திக்கார அக்கா, நாற்பதாம் ஃபாத்திஹா, எல்லாம்.

மாமி கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து தஸ்பீஹை எடுத்தார். எழுந்துபோய்ச் சொம்புத் தண்ணீரில் மூன்று தடவை அலசினார். வந்து மறுபடி உட்கார்ந்தார். கத்துவார், அழுவார், மகனிடம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

“எனக்குத் தெரியாது. தெரியாமத் தின்னதுக்கு அல்லா என்னைக் கேக்கமாட்டான். என் தம்பிக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்திருக்கும்.” நிதானமாகத்தான் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் கேட்டார்.

“அன்னிக்கு நீ ஏன் சாப்பிடல?”

நான் கீழே கிடந்த கத்தியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“ரசம் ஊத்திச் சாப்பிட்ட. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கறின்னா உசுரு உனக்கு. ஊடெல்லாம் வாசனை. நீ ஒரு துண்டு எடுத்து வாயில வைக்கல. ஏன்?”

ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் அந்தக் கேள்வியில் உடைந்துபோயிற்று. பசியில்லை என்று சொன்னேனே, அது பொய். எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் இருந்ததால்தான் கொல்லைக்குப் போகவில்லை. போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் தட்டை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் அவர் செத்துப்போய்விடுவார்.

“நீங்க செத்துடுவீங்கன்னு பயந்துட்டேன் மாமி.”

“அது தெரியுது.” தஸ்பீஹை முந்தானையில் துடைத்தார். “பன்னிக்கறின்னு தெரிஞ்சே போட்டிருந்தாகூட ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். என் உசுருக்காகத்தான் நீ போட்டன்னு நினைச்சுப்பேன். சந்தேகத்தை வச்சுக்கினு நீ இந்தப் பக்கம் நின்னுக்கின, என்னை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பின. அதாண்டி.”

அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. டப்பாவை நானே கொண்டுபோய்க் கழுவெளிச் சேற்றில் புதைத்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம் மாமிக்குச் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றி வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடுங்க மாமி என்றேன். “நீ போட்டுக்கோ” என்றார். போட்டுக்கொண்டேன். நான் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கிய பிறகுதான் அவர் கை நனைத்தார்.

என் கணவர் வந்தார். அம்மாவுக்கு முன்னால் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, “இன்னா பழக்கம் இது, பெரியவங்க உக்காந்திருக்காங்க” என்று சத்தம் போட்டார். மாமி, “அவ சாப்பிடட்டும்” என்று சொல்லி அவரை அடக்கிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. கடைசிவரை மகனிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் என் கையால்தான் சாப்பிட்டார். ஒரு வேளைகூட நான் முதல் வாய் வைக்காமல் அவர் சாப்பிட்டதில்லை.